மாமி வாய் கட்டிய நாள்

என் மாமி வாழ்நாளில் ஒரே ஒரு பகல்தான் பேசாமல் இருந்தார். அந்தப் பகல் முழுவதும் அவரோடு மழையில் நடக்க வேண்டிய விதி எனக்கு வாய்த்தது.

வடக்கில் சண்டை மறுபடியும் தொடங்கிய பிறகு வந்த மாசி அது. மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலயில் பெரிய வீதியை விட்டு உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடமும் கொஞ்சமும். இவர், அதாவது என் கணவர், கலேவெலயில் நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை பார்த்தார். திங்கட்கிழமை பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்துவிடுவார். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, இவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்களாம். அதே பஸ்ஸில் வந்த மாத்தளை முஸ்லிம் வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து முகாமில்தான் இருக்கிறார் என்றார்கள். பிறகு கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டோம் என்றார்கள். அதற்குப் பிறகு கேட்டால் ஒன்றுமே சொல்லவில்லை.

குற்றம் என்னவென்றால், அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. இவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தெருவுக்குக்கூட வழி தெரியாது. இவரைப் பெற்ற மாமியின் தாய்வீடு அங்கே. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது வழக்கம். மாத்தளையில் அரசாங்க ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்க, ஏழாம் மாதம் ரயிலேறிப் போய் அங்கே பெற்று, குழந்தைக்குத் தலை நின்றதும் தூக்கிக்கொண்டு மாமி திரும்பி வந்திருக்கிறார். அதற்குப் பிறகு இவர் வளர்ந்தது, படித்தது, சிங்களத்தில் கெட்ட வார்த்தை பழகியது எல்லாம் இந்த மாவட்டத்தில்தான். அந்தச் சில மாதங்கள்தான் இவர் தலையில் விடிந்தன.

மாமி அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "நான் இங்கயே பெத்திருந்தா எம்புள்ள இப்ப வீட்டில இருந்திருப்பான்." காலையில் அடுப்பு மூட்டும்போது சொல்வார், தேங்காய் துருவும்போது சொல்வார், நான் சோற்றில் கை வைக்கும்போது சொல்வார். முதலில் ஆறுதல் சொன்னேன். பிறகு சும்மா இருந்தேன். கடைசியில் அலுத்துப்போய், "ஆமா மாமி, இருந்திருப்பாருதான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

என் தாய்வீடு மாத்தளை டவுனில். "கொஞ்ச நாளைக்கு இங்க வந்து இரும்மா" என்று அம்மா ஆள் மேல் ஆள் அனுப்பினார். எப்படிப் போவது? புருஷனைப் பிடித்துக்கொண்டு போன உடனே பெட்டியைக் கட்டிவிட்டாள் என்று ஊர் சொல்லும். மாமியைத் தனியாக விடவும் முடியாது. மாமிக்கோ என்னைப் பார்த்தால் மகன் ஞாபகம், பார்க்காவிட்டால் பயம். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தோ கடையிலிருந்தோ வரச் சற்றுத் தாமதித்தால் கேட்டில் வந்து நிற்பார், வந்ததும் ஏசுவார். அந்தச் சின்ன வீட்டுக்குள் ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டுக்கொண்டு கிடந்தோம். உள்ளே போட்டது இவரை மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றும். யாரிடம் சொல்வது?

தை பிறந்ததும் மாமி நேர்த்தி வைத்தார். மாசித் திருவிழாவுக்கு மாத்தளை அம்மனுக்கு வாய் கட்டி, பால்செம்பு எடுத்து, நடந்து வருகிறேன், என் மகனை விட்டுவிடச் சொல் என்று. மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கினால், அம்மன் வாசலில் கட்டு அவிழ்க்கும் வரை ஒரு சொல் பேசக்கூடாது. தண்ணீர் குடிக்கக்கூடாது. கை காட்டுவதும் பேச்சுத்தான், அதுவும் கூடாது. வழியில் ஒரு சொல் விழுந்தாலும் நேர்த்தி முறிந்தது, கேட்டது கிடைக்காது. ஆகவே வாய் கட்டியவரோடு அவருக்காகப் பேச ஒரு ஆள் போக வேண்டும். யார் போவது என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. "நீயும் வாறதா அம்மன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் மாமி. அம்மனுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு அந்த நாட்களில் அம்மன் மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபம் இருந்தது. ஐப்பசியில் அந்த பஸ் வந்துகொண்டிருந்தபோது நீ எங்கே போயிருந்தாய் என்கிற கோபம். அதனால் ஒன்றும் கேட்பதில்லை என்று இருந்தேன்.

பெரிய வீதியால் நடந்தால் பலாபத்வலயிலிருந்து மாத்தளை ஒன்றும் தூரமில்லை. ஆனால் நேர்த்திக்காரர்கள் அந்த வீதியால் போவதில்லை. தோட்டத்துச் சனங்கள் கரகம் தூக்கிப் போகிற பழைய வழி ஒன்று உண்டு. றப்பர் மலையில் ஏறி, கொக்கோவுக்கும் மிளகுக்கும் நடுவே இறங்கி, மரத்தடிச் சாமி ஒவ்வொன்றுக்கும் சூடம் கொளுத்தி, ஓடையைத் தாண்டி, அலுவிகாரைக்குப் பின்னால் வந்து டவுனுக்குள் இறங்கும். மாமி வருடா வருடம் வெறுமனே நடந்து பழகிய வழி. எனக்குப் புதிது. சாயந்தரப் பூசைக்கு மணி அடிக்கும் முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

மாசியில் மழை பெய்யாது என்பார்கள். அந்த மாசிக்கு அது தெரியவில்லை. விடியலில் மாமி குளித்து, ஈரத் தலையோடு நின்று, துணியை என்னிடம் நீட்டினார். பிடரியில் முடிச்சுப் போட்டேன். "இறுக்கமா இருக்கா மாமி?" என்று கேட்டு, பதில் வராததைக் கண்டு, பழக்கமில்லாமல் திகைத்து நின்றேன். மாவிலையால் மூடிக் கட்டிய செம்பைத் தலையில் வைத்தார். படி இறங்கும்போதே தூறல் பிடித்தது. றப்பர் மலை ஏறும்போது மழை கொட்டியது.

குடை பிடிக்க முடியாத காற்று. மண் வழுக்கியது. காலில் அட்டைகள் ஏறியதை நான் குனிந்து குனிந்து பிடுங்கி எறிந்தேன். மாமி குனியவில்லை, செம்பு சாயுமே. அவர் காலிலிருந்தும் நான்தான் பிடுங்கினேன். காலைத் தொட்டால் ஒரு கணம் நிற்பார், பிறகு நடப்பார். இவ்வளவு காலமும் "என்ன பொண்ணு இது, காபிகூட ஆறவெச்சுத்தான் தருது" என்ற வாய். இன்று என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் பின்னால் நடப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அரிசிக் குறையையும் ஆட்டுரல் சத்தத்தையும் பற்றியாவது ஏசினால் தேவலை என்றிருந்தது.

கொக்கோ இறக்கத்தில், தோட்டத்து றோட்டைத் தாண்டும் இடத்தில், மாமி சொல்லியிருந்த வழியில் இல்லாத ஒரு காவல் கொட்டில் இருந்தது. மணல் மூட்டை, தென்னங்குற்றி, தகரக் கூரை. இரண்டு ஆமிக்காரர்கள். ஒருவன் கையை நீட்டி மறித்தான். மாமியின் வாய்த் துணியைப் பார்த்ததும் துவக்கைக் கொஞ்சம் தூக்கினான்.

"அத அவிழ்க்கச் சொல்லு. உள்ள என்ன?" என்றான் சிங்களத்தில்.

நேர்த்திக்குச் சிங்களத்தில் பாரஹார என்பார்கள். பாரஹார மாத்தயா, அம்மனுக்கு, பேசக்கூடாது, அவிழ்க்கக்கூடாது என்று தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினேன்.

"எதுக்குப் பாரஹார?"

உண்மையைச் சொன்னால் எங்களையும் உட்கார வைத்துவிடுவார்கள். "மகனுக்கு. உத்தியோகம் பாக்கிற மகன். நல்லா இருக்கணும்னு" என்றேன்.

"எங்க வேலை?"

"கலேவெல."

"இப்பவும் அங்கதானா?"

"அங்கதான். வெள்ளிக்கிழமை வருவார்."

வெள்ளிக்கிழமை வருவார். எத்தனை லேசாக வந்தது வாயில்! ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். திரும்பி மாமியைப் பார்க்கப் பயமாக இருந்தது. அழுதுவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். மாமி அழவில்லை. செம்பை ஒரு கையால் பிடித்தபடி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

"பெரியவர் வரட்டும்" என்று எதிரேயிருந்த கொக்கோ காயப்போடும் கொட்டகையைக் காட்டினான். பெரியவர் எப்போது வருவார் என்று அவனுக்கும் தெரியாது. அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டான், மாமியுடையதிலும் யாழ்ப்பாணம்தான். திரும்பியும் போக முடியாது. வெறும் தட்டுகள் அடுக்கிய அந்தக் கொட்டகையில் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். மாமி செம்பை மடியில் வைத்துக்கொண்டார். தகரத்தில் மழை இரைந்தது. கொக்கோப் புளிப்பு மணம் அடித்தது. எங்கோ ஒரு பலகையில் இவரும் இப்படித்தான், பெரியவர் வரட்டும் என்று, உட்கார்ந்திருக்கிறாரா? அந்த நினைப்பு வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். நிற்கவும் முடியவில்லை. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் நடந்தேன். ஆமிக்காரன் பார்த்தான். உட்கார்ந்தேன்.

பிறகு பேச ஆரம்பித்தேன். பதில் பேச முடியாத மாமி இனி எப்போது கிடைப்பார்! சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்தேன். என் காபியைப் பற்றி ஊரெல்லாம் சொன்னது. பிள்ளை உண்டாகவில்லை என்று கல்யாணமான ஆறாம் மாதமே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனது. இவர் போன பிறகு ஒரு நாளாவது நீ சாப்பிட்டியா என்று கேட்காதது. "உங்களுக்கு மட்டும்தான் மகன் போனாரா? எனக்கு யாரு போனது?" என்று கேட்டேன். சத்தமாகக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு. கடைசியில், "இந்த நேர்த்தி முடியட்டும் மாமி. அப்புறம் நான் அம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்" என்றேன்.

மாமியின் கண் மட்டும் என்னைப் பார்த்தது. துணி, மூச்சில் உள்ளே ஒட்டி வெளியே வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெரியவர் ஜீப்பில் வந்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். மாமியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். "பத்தினித் தெய்யோ?" என்று சிங்களவர் அம்மனைச் சொல்கிற பேரால் கேட்டுக் கையைக் கூப்பினார். "எங்க அம்மாவும் எனக்காகப் பாரஹார வெச்சிருக்காங்க" என்று சொல்லி அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்தது எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு லேசாக விட முடியுமென்றால் இவரை ஏன் ஒருத்தரும் விடவில்லை?

வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. அரைப்பகல் கொட்டகையில் போய்விட்டது. மணி அடிக்கும் முன் போக வேண்டும் என்று நான் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஓடையடிக்கு வந்தால், அங்கே இருப்பது சப்பாத்துப் பாலம். பாலம் என்பது பேச்சுக்குத்தான். ஓடைக்குக் குறுக்கே தாழப் போட்ட கொங்கிறீட், கைபிடி கிடையாது, மழை பெய்தால் தண்ணீர் அதன் மேலாலேயே ஓடும். அன்று அது கண்ணுக்கே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. காத்திருந்தால் வற்றும். காத்திருந்தால் மணி அடித்துவிடும். பின்னால் போனால் மறுபடியும் அந்தக் கொட்டில்.

"நான் முன்னுக்குப் போறேன், என் அடி பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். முழங்கால் வரை வந்தது. இழுத்தது. பாதி வழி போயிருப்பேன். இடது பக்கம் தண்ணீர் கொஞ்சம் அமைதியாக இருப்பதுபோலத் தெரிந்தது. அந்தப் பக்கம் காலைத் தூக்கினேன்.

"இடது பக்கம் வெக்காத! அங்க ஒடஞ்சிருக்கு! வலது பக்கம் வாடி!"

தூக்கிய காலை அப்படியே வலது பக்கம் வைத்தேன். இடது பக்கம் ஒரு மரக்கொப்பு மிதந்து வந்து, நான் கால் வைக்க இருந்த இடத்தில் தலைகீழாக உள்ளே போய்விட்டது. அடுத்த கரை ஏறும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது மாமி செம்போடு நடு ஓடையில், வலது ஓரமாகவே, ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தார். துணி வாயில்தான் இருந்தது, நனைந்து, தளர்ந்து.

கரையேறியதும் மாமி உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

மகனுக்காகக் கட்டிய வாயை எனக்காகத் திறந்துவிட்டார். வீட்டைவிட்டுப் போகிறேன் என்று சொன்னவளுக்காக. "எனக்கு ஒன்னும் கேக்கல மாமி" என்றேன். "ஆத்துச் சத்தத்தில எனக்கு ஒரு சொல்லும் கேக்கல. நானாத்தான் வலது பக்கம் வந்தேன்."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்தார். செம்பைத் தலையில் வைத்தார். நடந்தார். முன்னர் பேசாமல் வந்தபோது ஒரு கணக்கு இருந்தது. இப்போது எதற்காகப் பேசாமல் வருகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. பின்னாலேயே போனேன்.

டவுன் விளக்குகள் தெரிந்தன. இந்த நகரத்தில் எந்த ராசா எப்போது ஆண்டான், வெள்ளைக்காரனை எதிர்த்து யார் எழும்பினான் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்று எனக்கு அது சேறும் சனமும் மைக் சத்தமுமாக இருந்தது. கோவிலுக்கு வெளியே கீற்றுப் பந்தலில் வாய் கட்டியவர்களுக்குக் கட்டு அவிழ்க்கிற பூசாரி நின்றார். வயதானவர், குரல் கட்டிப்போயிருந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "கட்டு முறியாம வந்தீங்களா?" கூட வந்தவர் ஆமாம் என்று சொல்ல, முடிச்சை அவிழ்த்து, நெற்றியில் திருநீறு பூசி, உள்ளே அனுப்பினார்.

எங்கள் முறை வந்தது. "கட்டு முறியாம வந்தீங்களா?"

"ஓமுங்க ஐயா, முறி..." என்று நான் தொடங்கும்போது மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையால் துணியைத் தாமே கீழே இழுத்தார்.

"முறிஞ்சிருச்சுங்க. ஆத்துல மருமக போகப் பாத்தா. கூப்பிட்டுட்டேன்."

பூசாரி திருநீற்றுக் கையைத் தாழ்த்தினார். "அப்படின்னா நேர்த்தி சேராதும்மா. வீட்டுக்குப் போயி, விரதம் இருந்து, திரும்ப மொதல்ல இருந்து நடந்துதான்..." என்று இழுத்தார். மாமி அவரைப் பார்க்கவில்லை. பந்தலிலிருந்து நேரே பார்த்தால் சனத்தின் தலைகளுக்கு மேலே கருவறை விளக்கு தெரியும். அதைப் பார்த்துத்தான் பேசினார். பகல் முழுவதும் கட்டிக் கிடந்த குரல் கரகரத்தது.

"ஒன்ன எடுத்துக்கிட்டு ஒன்ன தாறேன்னு சொன்னா அது என்னடி நியாயம்? நான் ஒங்கிட்ட மாத்துக் கேக்க வரல. அவனும் வேணும், இவளும் வேணும். எனக்கு ரெண்டும் வேணும். வாய் தொறந்தது குத்தம்னா எனக்குத் தண்டனை குடு. எம்புள்ளைங்களுக்குக் குடுக்காத."

எம்புள்ளைங்க என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது பக்கத்துப் பெண் என் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

மாமி செம்பை இறக்கி என் கையில் வைத்தார். "நீ கொண்டு போயி ஊத்து. நீ வாய் கட்டல, ஒனக்கு முறிய ஒன்னுமில்ல. கேளு." பூசாரி தடுக்கவில்லை. ஒதுங்கி வழி விட்டார்.

மணி அடித்தது. நான் உள்ளே போனேன். ஐப்பசியிலிருந்து ஒன்றும் கேட்பதில்லை என்று இருந்தவள், பால் ஊற்றிக்கொண்டே, "விடச் சொல்லு தாயே, அவர விடச் சொல்லு" என்று கேட்டேன். வெட்கமில்லாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மறு மாசியில் நாங்கள் மூன்று பேராக நடந்தோம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. மாமியும் நானுமாக இரண்டு பேர்தான் நடந்தோம்.